கடிதங்கள் வளர்த்த அறிவு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைபேசியும் மின்னஞ்சலும் இல்லை. ஓர் ஊரில் கண்டறியப்பட்ட செய்தி மற்றோர் ஊரைச் சென்றடையக் கடிதமே துணை நின்றது. அறிஞர்கள் தங்கள் ஐயங்களையும் முடிவுகளையும் கடிதங்களில் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். அவ்வாறு கடிதங்களின் வழியே கற்று, கடிதங்களின் வழியே புகழ் பெற்றவர்தான் எட்வர்ட் ஹிட்ச்காக். இவர் அமெரிக்காவிலுள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் தலைவராக 1845 முதல் 1854 வரை பணியாற்றினார்.

ஹிட்ச்காக் 1793ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டீர்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை தொப்பி செய்யும் தொழிலாளி. குடும்பத்தின் வறுமையால் அவருக்குக் கல்லூரிப் படிப்பு எட்டாக்கனியானது. இளமையில் வானியலில் மிகுந்த நாட்டம் கொண்டிருந்த அவர், 1811இல் தோன்றிய வால்வெள்ளியை ஆர்வத்துடன் ஆராய்ந்தார். எனினும், சில ஆண்டுகளில் நோயினால் அவருடைய கண்பார்வை பலவீனமடைந்தது. அப்போதும் அவர் கற்பதைக் கைவிடவில்லை.

அந்நாளில் மாலுமிகள் கடலில் தங்கள் கப்பல் இருக்கும் இடத்தை அறிய வானியல் பஞ்சாங்கத்தைப் பயன்படுத்தினர். அதிலுள்ள எண்களில் பிழை இருந்தால் கப்பல் திசைமாறிச் செல்ல நேரிடலாம். பிழை கண்டுபிடிப்போருக்குப் பரிசு உண்டு என்று ஒரு பதிப்பாளர் அறிவித்திருந்தார். ஹிட்ச்காக் தாமே கணக்கிட்டுப் பார்த்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பிழைகளைப் பட்டியலிட்டு அவருக்கு அனுப்பினார். பதிப்பாளரோ அக்கடிதத்தைப் பொருட்படுத்தவே இல்லை. பெயர் அறியாத ஒரு சிற்றூர் இளைஞரின் சொல்லை யார் கேட்பார்? ஹிட்ச்காக் சோர்ந்துவிடாமல் அப்பட்டியலை ஓர் இதழில் வெளியிட்டார்.

ஆனால், எல்லாக் கடிதங்களுக்கும் இந்த நிலை ஏற்படவில்லை. யேல் கல்லூரிப் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமனுக்குத் தாம் திரட்டிய பாறைகளையும் கனிமங்களையும் பற்றி அவர் எழுதினார். சில்லிமன் அக்கறையுடன் மறுமொழி எழுதி, அவரை ஊக்குவித்தார். இருவருக்கும் இடையிலான கடிதத் தொடர்பு நெடுங்காலம் நீடித்தது. கல்லூரியில் பட்டப்படிப்பு படிக்காத ஹிட்ச்காக், 1825இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் வேதியியல், இயற்கை வரலாறு ஆகிய துறைகளின் பேராசிரியரானார். 1830இல் மாசசூசெட்ஸ் அரசு, மாநிலத்தின் நிலவியல் ஆய்வை அவரிடம் ஒப்படைத்தது. ஓவியக் கலையில் வல்லவரான அவருடைய மனைவி ஓரா, அவருடைய நூல்களுக்குத் தேவையான படங்களை வரைந்து கொடுத்தார்.

1835ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிரீன்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்து ஹிட்ச்காக்குக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவ்வூர் மருத்துவர் ஜேம்ஸ் டீன். அவ்வூரில் நடைபாதை அமைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட கற்பலகைகளில் விந்தையான தடங்கள் இருந்தன. டெக்ஸ்டர் மார்ஷ் என்ற தொழிலாளி கற்களைப் பதிக்கும்போது அவற்றைக் கவனித்தார். மூன்று விரல்களுடன் காணப்பட்ட அத்தடங்கள் வான்கோழியின் காலடிகளைப் போல் இருந்தன. அவை பழங்காலத்தில் வாழ்ந்த உயிரினத்தின் அடிச்சுவடுகளாக இருக்கலாம் என்று டீன் கருதினார்.

ஹிட்ச்காக் உடனே நம்பிவிடவில்லை. கல்லில் இயற்கையாகத் தோன்றும் வடிவங்கள் காலடிகளைப் போல் காட்சியளிக்கக்கூடும் என்று அவர் ஐயப்பட்டார். ஆயினும், கடிதத்தை ஒதுக்கிவிடாமல் தம் ஐயத்தைத் தெரிவித்து டீனுக்கு எழுதினார். டீனும் விடவில்லை, மீண்டும் எழுதியதோடு, பாரிஸ் சாந்தில் வார்த்த தடத்தின் அச்சையும் அனுப்பிவைத்தார். பின்னர், ஹிட்ச்காக் நேரில் சென்று கற்களைப் பார்த்தார். அவருடைய ஐயம் நீங்கியது. கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கற்சுரங்கங்களுக்குச் சென்று மேலும் பல தடங்களைத் திரட்டினார். 1836இல் சில்லிமனின் அறிவியல் இதழில் தம் ஆய்வை வெளியிட்டார். பழங்காலப் பறவைகள் அப்பள்ளத்தாக்கில் நடமாடியதற்கு அத்தடங்களே சான்று என்று அதில் விளக்கினார்.

அறிஞர் பலர் முதலில் இதனை ஏற்கவில்லை. 1841இல் நிலவியல் அறிஞர்களின் குழு ஒன்று தடங்களை ஆராய்ந்து, அவை உண்மையான அடிச்சுவடுகளே என்று உறுதிப்படுத்தியது. இயற்கை ஆய்வாளர் சார்லஸ் டார்வின் 1845 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ஹிட்ச்காக்குக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கண்டுபிடிப்பைப் பெரிதும் பாராட்டிய அவர், அப்பறவைகளின் எலும்புகளும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தினார்.

புகழ் வந்தபோது அதனோடு ஒரு மனவருத்தமும் வந்தது. அடிச்சுவடுகளை முதலில் அடையாளம் கண்ட தமக்கு உரிய பெருமை கிட்டவில்லை என்று டீன் கருதினார். செய்தியைத் தெரிவித்தவர் டீன் என்றாலும், முறையாக ஆராய்ந்து உலகிற்கு விளக்கியது தாமே என்பது ஹிட்ச்காக்கின் வாதம். 1844இல் சில்லிமன் தம் இதழில் இருவரின் கருத்துகளையும் வெளியிட்டார். ஒரு கண்டுபிடிப்பு யாருக்கு உரியது? கல்லைப் பதித்தபோது கவனித்த தொழிலாளிக்கா, கடிதம் எழுதிய மருத்துவருக்கா, ஆராய்ந்த பேராசிரியருக்கா? இவர்களுள் ஒருவர் இல்லாதிருந்தாலும் அத்தடங்கள் நடைபாதைக் கற்களாகவே மிதிபட்டுத் தேய்ந்திருக்கக்கூடும்.

1845இல் ஹிட்ச்காக் கல்லூரித் தலைவரானபோது கல்லூரி கடனில் மூழ்கியிருந்தது. மாணவர்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. அவருடைய காலத்தில் சாமுவேல் வில்லிஸ்டன் என்ற பொத்தான் ஆலை உரிமையாளர் உள்ளிட்ட பலர் கல்லூரிக்கு நன்கொடை வழங்கினர். கடன் அடைந்தது, வானாய்வுக் கூடமும் எழுந்தது. 1854இல் தலைவர் பதவியிலிருந்து விலகிய பின்னரும் அவர் பேராசிரியராகத் தம் பணியைத் தொடர்ந்தார். 1858இல் அடிச்சுவடுகள் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1864ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் காலமானார்.

அத்தடங்களில் பல பறவைகளுடையவை அல்ல, டைனோசர்களுடையவை என்பது அவருடைய மறைவுக்குப் பின்னரே தெளிவானது. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை அங்கு நடமாடின. இன்றைய பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்களே என்று தற்கால அறிவியல் கூறுகிறது. எனவே, ஹிட்ச்காக்கின் முடிவு தவறாயினும் உண்மைக்கு வெகு தொலைவில் இல்லை.

அவர் திரட்டிய அடிச்சுவடுகள் இன்றும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவருடைய கடிதங்களையும் தாள்களையும் அதே கல்லூரி பாதுகாத்து வருகிறது. இளமையில் அவர் அனுப்பிய பட்டியலைப் பதிப்பாளர் மதிக்கவில்லை. அவரோ, ஒரு சிற்றூர் மருத்துவரின் கடிதத்தை ஐயத்தோடு படித்தாலும் மறுமொழி எழுதினார். அந்த மறுமொழியிலிருந்தே ஒரு புதிய ஆய்வுத் துறை அமெரிக்காவில் வளரத் தொடங்கியது.