நீதிபதி விட்டுச் சென்ற அலமாரிகள்

கல்கத்தா தேசிய நூலகத்துக்கு நான் முதன்முறை போனது ஒரு பழைய கணித நூலைத் தேடித்தான். அது ஸர் அசுதோஷ் முகர்ஜியின் தொகுதியில் இருக்கக்கூடும் என்றார்கள். ஹைகோர்ட்டு நீதிபதிக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று வியந்தேன்.

1864-ல் கல்கத்தாவில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர் அசுதோஷ். கல்லூரி மாணவராயிருந்த போதே யூக்ளிடின் தேற்றம் ஒன்றுக்குப் புது நிரூபணம் கண்டு, இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட்டார். கணிதத்திலும் பௌதிகத்திலும் எம்.ஏ. பட்டங்கள் பெற்றும், ஆராய்ச்சி செய்யச் சர்வகலாசாலையில் அவருக்கோர் இடமில்லை. அந்நாளில் சர்வகலாசாலை என்பது பரீட்சை நடத்திப் பட்டமளிக்கும் காரியாலயம், அவ்வளவுதான். மனமில்லாமலோ என்னவோ, வக்கீல் தொழிலுக்குப் போனார். 1904-ல் நீதிபதியானார்.

கிடைக்காத அந்த இடத்தை அவர் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1906-ல் துணைவேந்தரானதும், பகலில் கோர்ட்டும் மற்ற வேளையில் சர்வகலாசாலையுமாக உழைத்தார். தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்ற இரு பெரிய வக்கீல்களின் நன்கொடையைக் கொண்டு 1914-ல் ஸயன்ஸ் காலேஜுக்கு அஸ்திவாரமிட்டார்.

அப்போது நம்மவர் சி.வி. ராமன் இதே ஊரில் நிதி இலாகா அதிகாரி; ஓய்வு நேரத்தில் பௌபஜாரிலுள்ள விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி செய்து வந்தார். அவரைப் பாலித் பேராசிரியராக்க விரும்பினார் அசுதோஷ். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டுமென்பது நிபந்தனை. ராமன் போக மறுத்தார். மாற வேண்டியது நிபந்தனைதான் என்று முடிவு செய்து, அதைத் தளர்த்தச் செய்தார் நீதிபதி. 1917-ல் ராமன் பெரிய சம்பளத்தை உதறிவிட்டு வந்தார். நம் ஊர்க்காரர் என்ற பெருமை நமக்கு உண்டு; ஆனால் அவருக்கு நாற்காலி போட்டவர் வங்காளி.

1921-ல் மறுபடி துணைவேந்தரானார். சர்வகலாசாலையோ கடனில் தத்தளித்தது. சர்க்கார் பணம் தர முன்வந்தது, கட்டுப்பாடுகளுடன். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத நிலையிலும் வேண்டாமென்றார். சம்பளமின்றித் தவித்தவர்களின் பாடு என்ன என்று நான் யோசித்ததுண்டு. இன்னும் விடை காணவில்லை. 1923-ல் கவர்னர் லிட்டன், அரசாங்கத்தோடு ஒத்துழைத்தால் பதவி நீடிக்கும் என்று எழுதினார். கடுமையாகப் பதிலெழுதிவிட்டு விலகினார்.

அவ்வாண்டே நீதிபதி பதவியிலிருந்தும் ஓய்வு பெற்று, மறுபடி வக்கீல் அங்கி அணிந்தார். தும்ராவன் ஜமீன் வழக்குக்காகப் பாட்னா சென்றவர், 1924 மே 25-ல் அங்கேயே காலமானார். உடல் ரயிலில் கல்கத்தா வந்தது.

அவர் சேர்த்த புத்தகங்கள் சுமார் எண்பதாயிரம். 1949-ல் குடும்பத்தார் அவற்றைத் தேசிய நூலகத்துக்கு அளித்தனர். சட்டத்துக்குப் பக்கத்திலேயே கணிதமும் இருக்கிறது.