தெருப் பிள்ளைகளின் அன்னை மார்கரீத்தம்மாள்

அர்ச். ஜான் போஸ்கோவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. வீதியில் அலைந்த பிள்ளைகளை வாரியணைத்து வாழவைத்த குருவானவர் என்று நம் சிறுவர்கூடச் சொல்லுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கி, சட்டை தைத்து, அந்த வீட்டை வீடாக வைத்திருந்தவர் யார்? அவரைப் பெற்ற தாயாகிய மார்கரீத்தம்மாளே. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குடியானவப் பெண்ணின் சரித்திரம் நம் தாய்மார் ஒவ்வொருவரும் அறியத் தக்கது.

இத்தாலி தேசத்தில் கப்ரீலியோ என்னும் சிற்றூரில் 1788-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அவர் பிறந்தார். 1812-ல் பிரான்சிஸ் போஸ்கோ என்னும் உழவருக்கு வாழ்க்கைப்பட்டார். அவர் மனைவியை இழந்தவர்; அந்தோணி என்ற மகனும் அவருக்கு இருந்தான். மார்கரீத்தம்மாளுக்குச் சூசை, ஜான் என்று இரு ஆண்மக்கள் பிறந்தார்கள். 1817-ல் கணவர் சளிக்காய்ச்சல் கண்டு இறந்தபோது அம்மாளுக்கு வயது 29. கடைக்குட்டி ஜானுக்கு இரண்டு வயது நிறையவில்லை. அவ்வருஷம் கடும் பஞ்சம் வேறு. வயோதிக மாமியாரும் மூன்று பிள்ளைகளும் அவர் கையை எதிர்பார்த்திருந்தனர். மறுமணத்துக்குக் கேட்டு வந்தார்கள். பிள்ளைகளை வேறொருவர் பொறுப்பில் விட வேண்டியிருந்ததால் அம்மாள் இணங்கவில்லை. நிலத்தைத் தாமே உழுது அவர்களை வளர்த்தார். மனப்பாடமாக அறிந்திருந்த ஞானோபதேசத்தை அவர்களுக்குக் கற்பித்தார். பிச்சை கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பினதில்லை.

1841-ம் வருஷம் ஜான் குருப்பட்டம் பெற்றார். மகன் செல்வந்தனாக மாறினால் அவன் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று தாய் முன்னமே எச்சரித்திருந்தார். அவர் பயந்தபடி நடக்கவில்லை. தூரின் பட்டணத்தில் மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சிறு பையன்கள் கொத்தனாருக்குக் கல் சுமந்தார்கள், புகைக்கூண்டு துடைத்தார்கள், வேலை இல்லாத நாளில் தெருவில் கிடந்து, களவுக்குப் பழகி, சிறை சென்றார்கள். இவர்களையே ஜான் போஸ்கோ தம் ஆஸ்தியாக எடுத்துக்கொண்டார். 1846-ல் கடும் நோயால் சாகக் கிடந்து பிழைத்த அவர், பிள்ளைகளுக்கு ஒரு தாய் வேண்டுமென்று கண்டு, தம் தாயையே அழைத்தார்.

அப்போது அம்மாளுக்கு வயது 58. சொந்த வீடு, பேரப்பிள்ளைகள், அமைதியான முதுமை எல்லாம் இருந்தன. இருந்தும் சர்வேசுரனுடைய சித்தம் அதுவானால் வருவதாகச் சம்மதித்தார். நவம்பர் 3-ந் தேதி தாயும் மகனும் கால்நடையாகவே தூரின் சென்று, வால்தொக்கோவில் வாடகை அறைகளில் குடியேறினர். கையில் காசு குறைந்தபோது அம்மாள் தம் கலியாண உடையையும் மோதிரத்தையும் சங்கிலியையும் விற்றுக் கொடுத்தார்.

ஆரம்பம் ஏமாற்றமாகவே இருந்தது. தங்க இடங்கொடுத்த பையன்கள் சிலர் விடியுமுன் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனார்கள். ஆயினும் 1847 மே மாதத்தில், ஒரு மழை இரவில், நனைந்து நடுங்கியபடி அநாதைப் பையன் ஒருவன் கதவைத் தட்டினபோது அம்மாள் அவனைத் துரத்தவில்லை. அடுப்பருகே உட்காரவைத்துச் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். செங்கல்லும் பலகையும் அடுக்கிச் சமையலறையிலேயே படுக்கை போட்டார். தூங்குமுன் உழைப்பு, நாணயம், தேவபக்தி இவற்றைப்பற்றிச் சில புத்திமதிகள் சொன்னார். பாத்திரங்கள் களவு போகாமலிருக்க அன்றிரவு கதவைப் பூட்டியதும் உண்மையே! அந்த ஒரு பையனிலிருந்துதான் அந்த வீடு வளர்ந்தது. இரவில் புத்திமதி சொல்லும் அவ்வழக்கம் சலேசிய இல்லங்களில் இன்றும் நடக்கிறது.

அவருக்கும் மனம் சோர்ந்த நாள் உண்டு. தாம் அரும்பாடுபட்டுப் போட்ட காய்கறித் தோட்டத்தைப் பையன்கள் போர் விளையாட்டில் மிதித்து நாசமாக்கினார்கள். துவைத்த துணி சேற்றில் கிடந்தது. இனி முடியாது, ஊருக்கே போகிறேன் என்று மகனிடம் கண்ணீரோடு முறையிட்டார். ஜான் போஸ்கோ வாதாடவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை மட்டும் சுட்டிக் காட்டினார். அம்மாள் அதை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினார். அதன்பிறகு சாகும்வரை ஊர்ப் பேச்சு எடுக்கவில்லை.

அவர் தனியாகவும் உழைக்கவில்லை. பட்டணத்துத் தாய்மார் சிலர் வந்து கிழிந்த உடைகளைத் தைத்துக் கொடுத்தார்கள். பிற்பாடு மேற்றிராணியாரான கஸ்தால்தி குருவின் தாயாரும் அவர்களில் ஒருவர். 1854-ல் காலரா பரவினபோது இல்லத்துப் பையன்கள் நோயாளிகளைப் பராமரிக்கப் போனார்கள். கொடுக்கத் துணி தீர்ந்ததும் அம்மாள் பீடத்துத் துகிலையும் எடுத்துக் கொடுத்தார். அவ்வருஷம் வந்து சேர்ந்த தோமினிக் சாவியோ என்னும் சிறுவனும் அவர் கையால் உண்டவனே. அவனுக்கு 1954-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் கிடைத்தது.

1856 நவம்பர் 25-ந் தேதி அம்மாள் காலமானார். சொத்து என்று ஒன்றும் வைத்துப்போகவில்லை. அன்று அதிகாலையில் ஜான் போஸ்கோ பூசை செய்து, தாயற்ற அப்பிள்ளைகளுக்கு இனித் தாயாக இருக்கும்படி தேவமாதாவை மன்றாடினார். 2006-ல் திருச்சபை அம்மாளை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அவர் மகனுடைய சபையார் 1906-லேயே தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! தூரின் அன்றிருந்தது போலவே நம் காட்டுப்பாக்கமும் பூந்தமல்லிச் சாலையும் இன்று கட்டடம் எழும்பும் இடங்கள்; பிழைப்புக்காகத் தூரத்திலிருந்து வருவோர் அநேகர். பேருந்து நிலையத்திலோ ஆவடி, அம்பத்தூர் ரயிலடியிலோ கேட்பாரற்ற பிள்ளையைக் கண்டால், கையில் சில்லறையைப் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழு முன்பாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டுமென்று 2015-ம் வருஷச் சட்டம் விதிக்கிறது. அப்படி வந்த பிள்ளைகளைப் பதிவுபெற்றுப் பராமரிக்கும் இல்லங்களுக்கு உங்கள் உதவி வேண்டும். பண்டிகை நாளில் ஒருவேளை விருந்து போடுவது நல்லதே. ஆனால் பிள்ளைக்கு மாதந்தோறும் பசிக்கும். மாதம் ஒருபடி அரிசி, ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு, தைக்கத் தெரிந்த கை, கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு மாலை நேரம், இவற்றில் ஏதாவது ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். மார்கரீத்தம்மாளிடம் அதற்குமேல் அதிகம் இருக்கவில்லை.