கைக்குட்டையில் தொடங்கிய மதரஸா

  

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! ஆரணியில் பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தறியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவு ஏற்றிய அன்றே சேலையை அறுத்து எடுத்துவிட முடியாது. நாடா ஒருமுறை போய் வந்தால் ஓர் இழை. அப்படி இழை இழையாகச் சேர்ந்துதான் ஆறு கஜப் பட்டு முழுமை அடைகிறது. முதல் நாள் மாலையில் நெய்த அளவைப் பார்த்து, இவ்வளவுதானா என்று யாரும் தறியை விட்டு எழுந்து போவதில்லை.

தொழிலில் நமக்கு இருக்கும் இந்தப் பொறுமை, பிள்ளைகளின் கல்வி என்று வரும்போது எங்கே போய்விடுகிறது? இரண்டு வருடங்களுக்கு முன் நம் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பாட வகுப்பு நடத்தலாம் என்றார்கள். உடனே கணக்குப் போட்டோம். தனிக் கட்டடம், பெஞ்சு, கம்ப்யூட்டர், ஆசிரியர்களுக்குச் சம்பளம். கூட்டிப் பார்த்தால் நம் கைக்கு எட்டாத தொகை. வெளிநாட்டில் இருக்கும் வசதியானவர் யாராவது முன்வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடித்துவிட்டோம். அன்று அதற்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு பையன் கணக்கில் தவறி, படிப்பை விட்டு, இன்று தார் சுற்றிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு ஜும்ஆவிலும் அவனைப் பார்க்கும்போது என் மனம் உறுத்துகிறது. அதனால்தான் இன்று மௌலானா முஹம்மது காஸிம் நானூத்தவி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

ஹஜ்ரத் அவர்கள் 1833ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூர் பகுதியில் உள்ள நானூத்தா என்ற சிற்றூரில் பிறந்தார்கள். இளம் வயதிலேயே டெல்லிக்குச் சென்று மௌலானா மம்லூக் அலீ (ரஹ்) அவர்களிடம் கல்வி கற்றார்கள். ஷாஹ் அப்துல் கனீ (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் பாடம் ஓதினார்கள். இத்தனை இல்மு பெற்றவர்கள் பிழைப்புக்காகத் தேர்ந்துகொண்டது அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. சம்பளம் சொற்பம். மௌலானா அஹ்மத் அலீ சஹாரன்பூரி (ரஹ்) அவர்களின் அச்சகத்தில் ஸஹீஹுல் புகாரி ஓரக்குறிப்புகளுடன் அச்சானபோது, அந்தக் குறிப்புகளின் கடைசிப் பகுதியை எழுதும் பொறுப்பு இளைஞரான இவர்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. இன்றும் நம் அரபிக் கல்லூரி மாணவர்கள் அந்தக் குறிப்புகளைப் படிக்கிறார்கள்.

பிறகு 1857 வந்தது. ஆங்கிலேயருக்கு எதிரான எழுச்சி ஒடுக்கப்பட்டு, டெல்லி சின்னாபின்னமானது. அதுவரை மதரஸாக்கள் பெரும்பாலும் மன்னர்கள், நவாபுகள், ஜமீன்தார்களின் மானியத்திலும் வக்ஃபு நிலங்களின் வருமானத்திலும் நடந்துவந்தன. கொடுத்துவந்த கைகளே வீழ்ந்த பிறகு கல்வியை யார் காப்பது? அந்தத் தலைமுறை ஆலிம்களின் முன் நின்ற கேள்வி இதுதான். கனவோ மிகப் பெரியது. ஒரு நாட்டின் தீனுடைய கல்வி அணையாமல் காக்க வேண்டும். கையிலோ எதுவும் இல்லை.

தேவ்பந்த் என்ற சிறிய ஊரில் ஹாஜி ஸைய்யித் ஆபித் ஹுஸைன் (ரஹ்) என்ற பெரியவர் ஒருநாள் எழுந்தார். ஒரு கைக்குட்டையைப் பை போல மடித்து, முதலில் தன்னிடம் இருந்த சில ரூபாய்களை அதில் போட்டார். பிறகு வீடு வீடாக, கடை கடையாக நடந்தார். மாலைக்குள் நம்பிக்கை தரும் அளவுக்கு ஒரு தொகை சேர்ந்தது. அப்போது மீரட்டில் அச்சக வேலையில் இருந்த நானூத்தவி (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் போனது. பெரிய தொகை சேரும்வரை காத்திருங்கள் என்று ஹஜ்ரத் பதில் எழுதவில்லை. மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் முல்லா மஹ்மூத் (ரஹ்) என்ற ஆசிரியரை உடனே அனுப்பி வைத்தார்கள்.

1866ஆம் ஆண்டு மே மாத இறுதி, ஹிஜ்ரி 1283 முஹர்ரம் பிறை 15. சத்தா மஸ்ஜிதின் முற்றத்தில், ஒரு மாதுளை மரத்தடியில் முதல் பாடம் தொடங்கியது. கற்பித்தவர் பெயரும் மஹ்மூத், முதல் மாணவர் பெயரும் மஹ்மூத். கட்டடமும் இல்லை, விடுதியும் இல்லை. வெளியூர் மாணவர்களுக்குத் தேவ்பந்த் மக்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மாணவர்கள் எழுபதைத் தாண்டினார்கள். சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது ஹிஜ்ரி 1292இல். அதாவது, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பள்ளிவாசல்களிலும் பிற இடங்களிலுமே அந்த மதரஸா நடந்தது.

அன்புச் சகோதரர்களே, இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மதரஸாவை நடத்துவதற்காக ஹஜ்ரத் அவர்கள் எட்டு விதிகளை எழுதி வைத்தார்கள். அதில் ஒரு விதி நம்மை வியக்க வைக்கும். ஜாகீர் நிலம், தொழிற்சாலை, வியாபாரம், ஒரு செல்வந்தரின் வாக்குறுதி போன்ற நிலையான வருமானம் இல்லாதவரை இந்த மதரஸா இன்ஷா அல்லாஹ் நன்றாக நடக்கும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அல்லாஹ்வின் மீதுள்ள அச்சமும் ஆதரவும் குறைந்து, மறைவான உதவி நின்று, பொறுப்பாளர்களுக்குள் சச்சரவு வரும் என்று அஞ்சினார்கள். அரசாங்கமும் பணக்காரர்களும் இதில் பங்கெடுப்பதில் தீங்கு இருப்பதாகக் கருதினார்கள். பேர் புகழ் வேண்டாம் என்று கொடுப்பவர்களின் காசில்தான் பரக்கத் அதிகம் என்று நம்பினார்கள். நாம் எந்தப் பெரிய மனிதருக்காகக் காத்திருந்தோமோ, அப்படிப்பட்டவரை நம்பி நிற்பதையே ஹஜ்ரத் ஆபத்தாகப் பார்த்தார்கள்.

உழைத்துச் சம்பாதிப்பதை அவர்கள் வெறுத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தங்கள் சொந்தச் செலவுக்கு அச்சகத்தில் கண் வலிக்கப் பிழை திருத்தியவர்கள் அவர்கள். ஊர்ப் பணி ஊராரின் தோளில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் கருத்து. அதற்கேற்ப மதரஸாவின் ஆண்டறிக்கையில் கொடுத்தவர்களின் பெயர்கள் அச்சாயின. அதிகம் கொடுத்தவர் மேலே, குறைவாகக் கொடுத்தவர் கீழே என்று இல்லை. வந்த வரிசைப்படியே போட்டார்கள். சில காசுகள் தந்த ஏழையின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது. கணக்கு திறந்திருந்ததால் காசு தொடர்ந்து வந்தது.

தபூக் போருக்காக நபி (ஸல்) அவர்கள் தர்மம் கேட்டபோது கூலி வேலை செய்து கிடைத்த பேரீச்சம் பழத்தில் ஒரு பகுதியைக் கொண்டுவந்த ஸஹாபியை நயவஞ்சகர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியைக் கண்டித்து அல்லாஹ் தவ்பா அத்தியாயத்தின் 79ஆம் வசனத்தை இறக்கினான். சிறிய தொகையை அற்பமாகப் பார்ப்பது யாருடைய குணம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நானூத்தவி (ரஹ்) அவர்கள் 1880 ஏப்ரல் மாதம் தேவ்பந்தில் வஃபாத்தானார்கள். ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை. மாதுளை மரத்தடியில் அமர்ந்த முதல் மாணவர்தான் பின்னாளில் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) என்று நாடே அறிந்தவர். சுதந்திரப் போராட்டத்துக்காக மால்டா தீவுச் சிறையில் அடைபட்டார். விடுதலையாகி வந்து, 1920இல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவுக்கு அடித்தளம் இட்டார். ஒரு கைக்குட்டையில் விழுந்த காசு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கட்டடம் இல்லை என்றால் நம் மதரஸா ஹால் மஃரிபுக்குப் பிறகு காலியாகத்தானே இருக்கிறது? பெஞ்சு இல்லை என்றால் பாய் இருக்கிறது. கணக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் போதும், அதிலிருந்து தொடங்குவோம். இன்று தொழுகை முடிந்ததும் வாசலில் ஒரு துண்டு விரிக்கப்படும். முதல் காசு என்னுடையது. வாரம் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ, உங்களால் முடிந்ததை விடாமல் கொடுங்கள். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். வரவும் செலவும் ஒவ்வொரு ஜும்ஆவிலும் பலகையில் எழுதப்படும், வந்த வரிசைப்படியே.

தார் சுற்றும் அந்தப் பையனின் வீட்டுக்கு நாளை நானே போகிறேன். துணைத் தேர்வு எழுத அவனுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. முதல் பாயில் அவன் உட்காரட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சிறிய காசில் பரக்கத் செய்வாயாக. நாங்கள் காத்திருந்து வீணாக்கிய நாட்களை மன்னிப்பாயாக. எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. ஆமீன்.