ஒரு கால் பெரியகுளத்தில்!

தூக்குக் கயிறு இரண்டு முறை அறுந்த கான்சாகிபின் கதை

தேனி மாவட்டத்தில் வராக நதிக் கரையில் இருக்கிறது பெரியகுளம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தென்கரை. அந்தப் பக்கம் வடகரை. மாந்தோப்புக்குப் பெயர் பெற்ற ஊர். இந்த ஊர் மண்ணில் ஒரு மாவீரனின் கால் புதைந்து கிடக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒரே ஒரு கால்தான்! இன்னொரு கால் தஞ்சாவூரில். கைகள் பாளையங்கோட்டையில். தலை திருச்சியில். உடம்பு மட்டும் மதுரையில்.

கேட்டாலே குலை நடுங்குகிறது அல்லவா? இது பாட்டி சொன்ன பேய்க் கதை அல்ல. அப்படி ஒரு மனிதர் இருந்தார். மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டார். 1764-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி தூக்கில் தொங்கினார். அவர்தான் கான்சாகிபு. முழுப் பெயர் முகமது யூசுப்கான். பெற்றவர்கள் வைத்த பெயர் மருதநாயகம்.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

ராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில், வேளாளர் குடும்பம் ஒன்றில் மருதநாயகம் பிறந்தான். ஏறக்குறைய 1725-ம் ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். சின்ன வயதிலேயே அடங்காத பிள்ளை. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பினான். புதுச்சேரிக்குப் போய், அங்கே வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்கு அமர்ந்தான். பிறகு இஸ்லாத்தைத் தழுவினான். மருதநாயகம், யூசுப்கான் ஆனான்.

அப்போது தமிழ்நாட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் பட்டாளம் திரட்டிக்கொண்டிருந்த காலம். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலி ஒரு பக்கம், சந்தா சாகிபு மறு பக்கம். அவருக்கு இங்கிலீஷ்காரர் துணை. இவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் வேலை கிடைத்தது. யூசுப்கான் 1752-ல் இங்கிலீஷ் கும்பினிப் படையில் சேர்ந்தார்.

திருச்சி முற்றுகையில் அவர் பெயர் ஓங்கியது. கோட்டைக்குள் இருந்த படைக்குச் சோறு வேண்டுமே! எதிரி கண்ணில் மண்ணைத் தூவி அரிசி வண்டிகளை உள்ளே கொண்டுவந்து சேர்த்தவர் அவர். எந்தக் காட்டில் எந்தப் பாதை, எந்த ஊரில் எத்தனை மாடு கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தளபதி லாரன்சு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். கும்பினிச் சிப்பாய்கள் எல்லாருக்கும் அவரே கமாண்டர் ஆனார். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

1758-ம் ஆண்டுக் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டார். தெற்கே இருந்து யூசுப்கானை அவசரமாக அழைத்தார்கள். அவர் வந்து செங்கல்பட்டுப் பக்கமும் பரங்கிமலைப் பக்கமும் சுற்றிச் சுற்றிப் பிரெஞ்சுக்காரருக்கு வந்த உணவு வண்டிகளை மடக்கினார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. சென்னையைக் காப்பாற்றியதில் ஒரு பனையூர்க்காரருக்குப் பங்கு உண்டு என்பதைச் சென்னைக்காரர்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

மதுரை ராஜ்யம்

அந்த ஆண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குத்தகையாக அவரிடம் ஒப்படைத்தார்கள். பெயர்தான் குத்தகை. நடந்தது அரசாட்சி.

பாளையக்காரர்களை அவர் கடுமையாக அடக்கினார். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் வெள்ளையருக்கு வரி கொடுக்க மறுத்து வீரப்போர் புரிந்தவர். அவருடைய கோட்டைகளை 1761-ல் பிடித்தவர் இதே யூசுப்கான்தான். அதை மூடி மறைப்பதற்கில்லை. பூலித்தேவரைப் போற்றுகிறவர்களுக்கு கான்சாகிபு பெயரைக் கேட்டால் இன்றும் மனம் கசக்கும்.

ஆனால் மதுரைக் குடிமக்களுக்கு அவர் வேறு மாதிரி. அவருக்கு முன் இருந்த அதிகாரிகள் மீனாட்சியம்மன் கோயில் நிலங்களைப் பறித்திருந்தார்கள். கோயில் பூசைக்கே வழியில்லை. அந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்தவர், பள்ளிவாசலில் தொழுகிற கான்சாகிபு! கண்மாய்களைப் பழுது பார்த்தார். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தார். வழிப்பறிக் கள்ளரை ஒடுக்கினார். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும், வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரமும் இன்னும் அவர் பெயரைச் சொல்கின்றன.

போர்த்துகீசியர் வழி வந்த மாசா என்ற பெண்ணை மணந்தார். ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது.

பகை மூண்டது

நாடு செழித்தது. நவாப் முகமது அலிக்கு வயிறு எரிந்தது. நேற்று வரை சிப்பாயாக இருந்தவன் இன்று ராஜாவைப் போல் இருப்பதா?

இன்னும் நாலு வருஷத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏழு லட்சம் தருகிறேன் என்று கான்சாகிபு கேட்டுப் பார்த்தார். நவாபும் கும்பினியாரும் ஒப்பவில்லை. நவாபுக்கு அடங்கி நட, பணத்தை அவரிடம் கட்டு என்று உத்தரவு வந்தது. பல வருஷமாக உயிரைக் கொடுத்து உழைத்த எஜமானர்கள் தம்மைக் கைவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 1763-ம் ஆண்டுத் தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ச்சண்டு என்ற பிரெஞ்சுக்காரன் தன் ஆட்களோடு வந்து கான்சாகிபிடம் சேர்ந்தான்.

கும்பினிப் பட்டாளம் மதுரையைச் சூழ்ந்தது. எந்தப் படைக்கு அவர் போர் கற்றுக் கொடுத்தாரோ, அதே படை! மழைக் காலம் வந்ததும் நவம்பரில் முற்றுகையைக் கைவிட்டது. மறு வருஷம் மீண்டும் வந்தது. 1764 ஜூன் 26-ந் தேதி கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே புகப் பார்த்தது. பலத்த சேதத்தோடு விரட்டி அடிக்கப்பட்டது. மேஜர் பிரஸ்டன் அதில் செத்தார்.

சுவரை உடைக்க முடியாதவர்கள் பட்டினி போட்டார்கள். தானியம் உள்ளே போகாமல் நாலு பக்கமும் காவல். கோட்டைக்குள் அரிசி தீர்ந்தது. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். திருச்சியில் ஊருக்கே சோறு கொண்டுவந்தவர், மதுரையில் சோறில்லாமல் தவித்தார்!

தொழுகையில் துரோகம்

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். அக்டோபர் 13-ந் தேதி கான்சாகிபு தொழுகையில் இருந்தார். கையில் ஆயுதம் இல்லை. அந்த நேரம் பார்த்து மார்ச்சண்டும், திவான் சீனிவாச ராவும், வைத்தியர் பாபா சாகிபும் ஆட்களோடு பாய்ந்தார்கள். அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினார்கள். அவர் உப்பைத் தின்றவர்கள்தான் மூவரும்.

இரண்டே நாள். விசாரணை என்று ஒன்றும் இல்லை. மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கு மரம் நட்டார்கள்.

இங்கிருந்துதான் நாட்டார் கதை ஆரம்பிக்கிறது. தூக்கிலிட்டதும் கயிறு அறுந்ததாம். வேறு கயிறு போட்டார்களாம், அதுவும் அறுந்ததாம். மூன்றாம் தடவைதான் உயிர் பிரிந்ததாம். பார்த்துக்கொண்டிருந்த நவாபுக்கு உள்ளூர உதறல் எடுத்தது. இவன் சாகிறவன் இல்லை, எழுந்து வந்துவிடுவான் என்று பயந்து உடலைத் துண்டு துண்டாக்கினாராம். ஒன்றோடு ஒன்று சேராதபடி திசைக்கு ஒன்றாக அனுப்பினாராம். அப்படித்தான் ஒரு கால் பெரியகுளம் வந்தது என்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நாளில் திண்டுக்கல் சீமை மைசூரார் வசம் இருந்தது. பெரியகுளமும் கம்பம் பள்ளத்தாக்கும் அதைச் சேர்ந்த பாளையங்கள். ஐதர் அலியின் அதிகாரம் நடந்த இடத்துக்கு நவாப் எப்படிக் கால் அனுப்பினார்? சரித்திரக்காரர்கள் தலையைச் சொறிய வேண்டியதுதான். கதை சொல்கிற கிழவிக்கு எல்லைக்கோடு ஏது?

கடல் கடந்த கதைகள்

கயிறு அறுந்த கதை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் வெள்ளையர் குடியேறிய தொடக்க காலத்தில் கிட் என்ற கப்பல் தலைவன் இருந்தான். கடற்கொள்ளைக் குற்றத்துக்காக 1701-ல் அவனை லண்டனில் தூக்கிலிட்டார்கள். முதல் தடவை கயிறு அறுந்தது. இரண்டாம் தடவைதான் செத்தான். இது நடந்த செய்தி. அவன் புதைத்த பொன்னை ஆவி காவல் காக்கிறது என்று அமெரிக்கக் கடற்கரையில் வெகு காலம் கதை நடமாடியது.

அதற்கு முன்னால் 1676-ல், வெள்ளையரை எதிர்த்துப் போரிட்ட மெட்டாகோம் என்ற செவ்விந்தியத் தலைவனைக் கொன்றார்கள். உடலை நாலாக வெட்டினார்கள். தலையை பிளிமத் ஊரில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது! உயிரோடு இருந்தவனிடம் எவ்வளவு பயம் இருந்தால் செத்தவனை இப்படிச் செய்வார்கள்?

நம் ஊரில் ஒரு வித்தியாசம். அகால மரணம் அடைந்தவனைக் கண்டு பயந்த ஜனங்களே அவனைக் கும்பிடவும் செய்தார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன், மீனாட்சி கோயில் வாசலிலேயே காவல் தெய்வம் ஆகிவிட்டான். இவ்வளவு ஏன்? திருநெல்வேலிப் பக்கம் இறந்துபோன வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்கு, ஜனங்கள் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்ததாகக் கால்டுவெல் பாதிரியார் எழுதியிருக்கிறார்.

கான்சாகிபையும் ஜனங்கள் விடவில்லை. கதைப் பாட்டாகப் பாடினார்கள். அந்தக் கான்சாகிபு சண்டைப் பாட்டைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, 1972-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1997-ல் நடிகர் கமலகாசன் மருதநாயகம் படத்தைத் தொடங்கினார். தொடக்க விழாவுக்கு வந்தவர் இங்கிலாந்து ராணி எலிசபெத்! கும்பினியார் பிடித்துக் கொடுத்த மனிதரின் கதைக்கு அவர்கள் நாட்டு ராணியே விருந்தாளி. படம் மட்டும் முடியவில்லை.

சம்மட்டிபுரத்தில் உடல் புதைந்த இடத்தின் மேல் 1808-ல் சின்னதாக ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கான்சாகிபு பள்ளிவாசல் என்று பெயர். மதுரைக் காளவாசல் பக்கம், தேனிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. உசிலம்பட்டி வழியாகத் தேனி போகும் பஸ்கள் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. தேனியில் இறங்கி வேறு பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்தில் பெரியகுளம் வந்துவிடும்.