அடைக்கலப் பொருள் காத்தவர்: வி. கிருஷ்ணசாமி ஐயர்

திருவிடைமருதூரை நினைக்குந்தோறும் சைவர் உள்ளத்தே பட்டினத்தடிகள் தோன்றுவர். கடல்வணிகராய் ஈட்டிய செல்வம் அனைத்தையும் அவர் ஒருங்கே துறத்தற்கு, மருதவாணராய் வந்து ஏதுவாயினவர் அத்தலத்துப் பெருமானே என்பது வழிவழி வந்த வரலாறு. அவ்வூரிற் பிறந்த மற்றொருவர், பொருளைத் துறவாது, பிறர் பொருளைப் பேணிக் காக்கும் நிலையம் ஒன்றை இந்நாட்டார்க்கு அமைத்தளித்தார். அவரே இந்தியன் பாங்கைத் தோற்றுவித்த வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் ஆவர். அவர் ஸ்மார்த்த அந்தணர். சித்தாந்த நூல்வழி நின்றவரல்லர். ஆயினும், அறப்பொருளைக் காக்குங் கடமை பூண்ட மடாலயத்தார்க்கும் ஆலயத்தார்க்கும் அவர் வாழ்விலே கொள்ளத்தக்கது உண்டு.

ஐயரவர்கள் 1863-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் பிறந்தார். சட்டங் கற்றுச் சென்னையிலே வக்கீல் தொழில் மேற்கொண்டு, மயிலாப்பூரில் வாழ்ந்து, உயர்நீதிமன்றத்து முன்னணி வக்கீல்களுள் ஒருவராய் விளங்கினார். ஈட்டிய பொருளைத் தம்மளவில் நிறுத்திக்கொண்டாரல்லர். 1905-இல் வேங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலையும், 1906-இல் வடமொழிக் கல்லூரியும் அவர் முயற்சியால் மயிலாப்பூரில் எழுந்தன.

அக்காலத்துச் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்னும் ஆங்கில வணிகநிலையம் மலைபோல் அசையாதது என்று கருதப்பட்டது. ஓய்வு பெற்றோரும் கைம்பெண்களும் தம் வாழ்நாட் சேமிப்பை அதன்கண் இட்டுவைத்தனர். அது கூட்டாளிகள் சிலருக்கே உரியது. அதன் உள்நிலை பொருள் இட்டார்க்குப் புலப்படுவதன்று. இலண்டனிலிருந்த கூட்டாளி ஒருவர் துணிகரமான வாணிகங்களில் இறங்கிப் பெரும்பொருளை இழந்தார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் கம்பெனி வீழ்ந்தது. பல குடும்பங்கள் ஒருநாளில் வறுமை எய்தின.

பொருள் இழந்தார் பக்கல் நின்று ஐயரவர்கள் வழக்காடினார். கம்பெனித் தலைவராகிய ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. எனினும் இழந்த பொருள் முழுதும் மீண்டிலது. குற்றம் நிகழ்ந்தபின் ஒறுத்தலே சட்டத்தின் தொழில். நிகழாமற் காத்தற்கு வேறோர் அமைப்பு வேண்டும். வீழ்ச்சி நிகழ்ந்த சின்னாட்களிலேயே ஐயரவர்கள் அதற்கான முயற்சியைத் தொடங்கிவிட்டார். நம்மவரே பங்கிட்டு நடத்தும் பாங்கு ஒன்று வேண்டும் என்று பொதுமக்களுக்கு விண்ணப்பஞ் செய்தார். சிவாலயத் திருப்பணிகளாற் பெயர்பெற்ற நாட்டுக்கோட்டை நகரத்தாரின் துணையையும் நாடிப் பெற்றார். இந்தியன் பாங்கு 1907-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ஆம் நாள் பதிவுபெற்று, ஆகஸ்டு 15-ஆம் நாள் தொழில் தொடங்கியது.

ஐயரவர்கள் அரசியலில் மிதவாதி. சுப்பிரமணிய பாரதியாரோ தீவிரவாதி. கொள்கையால் மாறுபட்டும், அவர்தம் தேசப்பாடல்களைக் கேட்டு மகிழ்ந்து, தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மாற்றாரிடத்தும் நல்லது கண்டால் போற்றும் நடுவுநிலைமை அவர்பால் இருந்தது. 1909-இல் உயர்நீதிமன்ற நீதிபதியாயினார். 1911-இல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினராயினார். அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயதளவில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் நிறுவிய பாங்கு 1969-இல் அரசுடைமையாகி, இன்றும் நடைபெறுகின்றது. கூட்டுப்பங்கு என்னும் அமைப்பு ஒன்றே காவலாகாது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1938-இல் டிராவன்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கு, அத்தகைய அமைப்புடையதாயிருந்தும், வீழ்ந்தது. கணக்கு வெளிப்படையாதலும், அதனை ஆள்வோர் நெஞ்சம் தூயதாதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டும்.

யான், எனது என்னும் பற்றே உயிரைப் பிணிப்பது என்று நம் சமயம் கூறும். உலகனைத்தும் உடையான் ஒருவனே. உயிர்கள் தம்பால் உள்ள பொருளுக்கு உடையவரல்லர், காவலரே. பாங்கிலுள்ள பொருள் அதனை நடத்துவார்க்கு உரியதன்று என்பதை யாவரும் எளிதில் ஒப்புவர். சிவாலயத்து நிலமும் மடத்து அறக்கட்டளையும் அவற்றை ஆள்வார்க்கு உரியனவல்ல என்பதோ, ஒப்பியும் பலகால் மறக்கப்படுகின்றது. பொருள் இட்டவன் பாங்கிற் சென்று கணக்குக் கேட்பான். கட்டளையிட்டு மறைந்தார் வந்து கேளார். கேட்பார் இல்லாத இடத்தும் கேட்கப்பட்டாற்போலக் கணக்கு வைத்தலே அடைக்கலம் காக்கும் முறை.

தம் பொருளைத் துறத்தல் பட்டினத்தடிகள் காட்டிய நெறி. பிறர் பொருளைத் தமதென்னாது காத்தற்கு ஐயரவர்கள் வழிவகுத்தார். துறவு பூண்டும் அறப்பொருளை ஆளும் நிலையிலுள்ளார்க்கு இவ்விரண்டும் ஒருங்கே கடமையாகின்றன. அக்கடமை வழுவாது நிற்க இடைமருதப் பெருமான் திருவருள் துணைபுரிவதாக.