கதை தோற்றது, மெட்டு ஜெயித்தது!

இசை மேதை கால்மான் வரலாறு

நியூயார்க் நகரம். 1917-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்.

அங்கே நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரில் ஒரு புதிய இசை நாடகம் அரங்கேறியது. நாடகத்தின் பெயர், ‘ரிவியரா பெண்.’ பெரிய தியேட்டர். பேர் பெற்ற கதாசிரியர்கள். எல்லாம் இருந்தும் நாடகம் ஓடவில்லை. 78 காட்சிகளோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? அந்த நாடகத்தின் மெட்டுகள், அதற்கு முன்பே வியன்னா நகரில் 500 காட்சிகளுக்கு மேல் சக்கைப்போடு போட்டவை! அங்கே ஜனங்கள் தெருவெல்லாம் பாடித் திரிந்த பாட்டுகள், இங்கே எடுபடாமல் போயின.

மெட்டுப் போட்டவர் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்தவர். பெயர், கால்மான் இம்ரே. நியூயார்க்கில் நாடகம் படுத்துவிட்டபோது அவர் அங்கே இல்லை. இருக்கவும் முடியாது. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவர் கடலுக்கு அந்தப்பக்கம், எதிரி முகாமில் இருந்தார்!

ஏரிக்கரைச் சிறுவன்

ஹங்கேரியில் பாலாட்டன் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் உள்ள ஊர், ஷியோபோக். அங்கே 1882-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி இம்ரே பிறந்தார். ஹங்கேரிக்காரர்கள் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள். அதனால் கால்மான் இம்ரே. வெளிநாடுகளில் எம்மெரிக் கால்மான் என்று அழைத்தார்கள்.

தந்தை தானிய வியாபாரி. யூதர். நன்றாக நடந்துவந்த வியாபாரம் ஒரு நாள் நொடித்துப் போயிற்று. குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது.

இம்ரேவுக்குப் பியானோ என்றால் உயிர். பெரிய பியானோ வித்வான் ஆகவேண்டும் என்று ராப்பகலாகப் பயிற்சி செய்தார். ஆனால் கை மூட்டுகளில் நோய் வந்தது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. வாசிக்கத்தான் முடியாது, மெட்டுப் போடலாம் அல்லவா? புடாபெஸ்ட் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பார்டோக், கோடாய் இருவரும் அங்கே அவரோடு படித்தவர்கள்.

சட்டமும் படித்தார். நாலு வருஷம் பத்திரிகையில் சங்கீத விமர்சனம் எழுதிப் பிழைத்தார். பெரிய வாத்தியக் குழுக்களுக்காக அவர் எழுதிய ‘சிம்பொனி’ இசைக்குப் பாராட்டு கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. இப்படியே போனால் ஒரு ‘ஆபரெட்டா’ எழுதிவிடுவேன் என்று நண்பர்களைப் பயமுறுத்தினாராம். பாட்டும் ஆட்டமும் வேடிக்கைப் பேச்சும் கலந்த நாடகத்துக்குத்தான் ஆபரெட்டா என்று பெயர். சங்கீதப் பண்டிதர்கள் அதை மட்டமாக நினைத்த காலம் அது.

சொன்னபடியே செய்தார். ராணுவ வீரர்களைப் பற்றிய அவருடைய முதல் ஆபரெட்டா 1908-ல் புடாபெஸ்டில் அரங்கேறியது. ஒரே ஓட்டம்! அடுத்த ஆண்டே வியன்னாவுக்குப் போயிற்று. அதே 1909-ல் கப்பலேறி நியூயார்க்குக்கும் போயிற்று. கால்மான் வியன்னாவில் குடியேறினார்.

தாயும் சிப்பாயும்

வெளிநாட்டு நாடகத்தை ஆங்கிலத்தில் போடுவது சுலபமான காரியம் அல்ல. ஹங்கேரி மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் முதல் அசையில்தான் அழுத்தம் விழும். ஆங்கிலம் அப்படி இல்லை. மெட்டுக்கு ஏற்றபடி புதுச் சொற்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். அதோடு விட்டார்களா? நாடகக் கம்பெனிக்காரர்கள் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கதை எழுதினார்கள். உள்ளூர் ஆசாமிகளின் பாட்டுகளையும் நடுவே செருகினார்கள்.

கால்மானின் ஒரு நாடகத்தில், யுத்தத்தில் இறந்துபோனதாக நம்பப்படும் நண்பனின் வீட்டுக்கு ஒரு சிப்பாய் வருகிறான். நண்பனின் தாய் அவனையே தன் மகன் என்று எண்ணிக் கட்டிக்கொள்கிறாள். உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. 1916-ல் இது நியூயார்க்குக்கு வந்தபோது கதையைப் பெல்ஜியத்துக்கு மாற்றினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாடிய ஒரு பிரபல நடைப்பாட்டையும் சேர்த்தார்கள். போர்க்களத்தில் இரு தரப்பும் சுட்டுக்கொண்டிருந்தன. மேடையிலோ இரு தரப்புப் பாட்டும் ஒன்றாக ஒலித்தன!

அத்தை குட்டு வெளிப்பட்டது

கால்மானின் தலைசிறந்த படைப்பு, ‘சார்தாஷ் இளவரசி.’ சார்தாஷ் என்பது ஹங்கேரி நாட்டு நடனம். மெதுவாக, சோகமாகத் தொடங்கும். போகப் போகச் சூடு பிடித்துச் சுழன்றாடும். இதற்கு இசை அமைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய சகோதரர் இறந்துபோனார். வேலை நின்றது. பிறகு யுத்தம் மூண்டது. கடைசியில் 1915-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி வியன்னாவில் அரங்கேறியது.

கதை இதுதான்: சில்வா என்பவள் புடாபெஸ்டில் கேளிக்கை அரங்கில் பாடும் பெண். வியன்னா ராஜ குடும்பத்துப் பிள்ளை எட்வின் அவளைக் காதலிக்கிறான். எட்டு வாரத்தில் மணப்பதாகப் பத்திரமே எழுதிக் கொடுக்கிறான். பெற்றோருக்குச் செய்தி எட்டுகிறது. மகனைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். அவனுக்குச் சொந்தத்தில் பெண்ணும் பேசி முடிக்கிறார்கள். சில்வா மனம் உடைந்து வெளிநாடு போகிறாள். ஆனால் நிச்சயதார்த்த விருந்தன்று, வேறொரு பிரபுவின் மனைவி என்று நடித்து அந்த மாளிகைக்குள்ளேயே நுழைகிறாள்! பாடகி மருமகளா என்று குதித்த எட்வினின் தாயார், தானே ஒரு காலத்தில் மேடையில் பாடியவள்தான் என்ற குட்டு கடைசியில் வெளிப்படுகிறது. அப்புறம் தடை ஏது?

இவ்வளவு நல்ல கதையை நியூயார்க்கில் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். கை பொல்டன், பி. ஜி. வோட்ஹவுஸ் என்ற இரண்டு கெட்டிக்காரர்கள் ரிவியரா கடற்கரையில் நடப்பதாக ஒரு புதுக் கதை பின்னினார்கள். சிக்கலோ சிக்கல். ஜெரோம் கெர்ன் சில பாட்டுகளைச் சேர்த்தார். பலன், 78 காட்சிகள். குற்றம் இசையில் இல்லை, தாங்கள் எழுதிய கதையில்தான் என்று பின்னாளில் எழுத்தாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காக அவர்களைப் பாராட்டலாம்.

யுத்தம் முடிந்து, 1921-ல் லண்டனில் ‘ஜிப்ஸி இளவரசி’ என்ற பெயரில் மூலக் கதையோடு போட்டார்கள். புடாபெஸ்டைச் சேர்ந்த சாரி பெத்ராஸ் சில்வாவாக நடித்தார். 200 காட்சிகளைத் தாண்டியது. அமெரிக்கக் கம்பெனிகளும் பாடம் கற்றுக்கொண்டன. சொத்து இழந்த பிரபு ஒருவர், சீமாட்டியின் பண்ணையில் காரியஸ்தராக வேலை பார்க்கும் கதை, ‘மாரிட்சா.’ 1926-ல் நியூயார்க்கில் கதையைக் கெடுக்காமல் போட்டார்கள். 300 காட்சிகளுக்கு மேல் ஓடியது.

அகதி ஆனார்

1938-ம் ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. யூதர்களுக்கு ஆபத்து. கால்மானைக் ‘கௌரவ ஆரியர்’ ஆக்கிவிடலாம் என்று நாஜிகள் ஆசை காட்டியதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். மனைவி வேராவோடும் மூன்று குழந்தைகளோடும் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். ஜூரிக், பாரிஸ், பிறகு 1940-ல் அமெரிக்கா.

ஒரு காலத்தில் அவர் பாட்டுகளை மட்டும் வரவழைத்த நாடு இப்போது அவருக்கே அடைக்கலம் தந்தது. ஆனால் வேலை கிடைப்பது கஷ்டமாக இருந்தது. 1945-ல் ‘மாரிங்கா’ என்ற நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது. ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ருடால்பும் காதலியும் 1889-ல் மாண்டது சரித்திரம். மாரிங்காவில் அவர்கள் சாகவில்லை. தப்பித்து அமெரிக்காவில் பண்ணை வைத்துப் பிழைக்கிறார்கள்!

மேடையில் செத்தவர்கள் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்த செய்தி வேறு. ஹங்கேரியில் இருந்த அவருடைய இரண்டு சகோதரிகளை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகே கால்மானுக்கு அது தெரிந்தது. மாரடைப்பு வந்தது. அதன் பிறகு பழைய தெம்பு திரும்பவில்லை.

ஐரோப்பாவுக்குத் திரும்பி, பாரிஸில் தங்கினார். 1953-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி அங்கேயே காலமானார். உடலை வியன்னாவுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள்.

கடைசி நாளிலும் மேஜைமேல் ஒரு நாடகம் பாதியில் கிடந்தது. மகன் சார்லஸ் அதை முடித்துக் கொடுத்தார். 1954-ல் சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில் அரங்கேறியது. நாடகத்தின் பெயர், ‘அரிசோனா சீமாட்டி.’ நடக்கும் இடம், அமெரிக்காவில் ஒரு குதிரைப் பண்ணை. அந்தப் பண்ணையை ஆளும் கதாநாயகி ஹங்கேரிப் பெண்.