சொந்தக் கம்பனியில் ஆசனத்துக்காகக் காத்திருந்த மார்ஜரி போஸ்ட்

டொனால்ட் ட்ரம்பின் பெயரோடு சேர்ந்து செய்திகளில் அடிபடும் புளோரிடாவின் மார்-ஆ-லாகோ மாளிகையை 1920 களில் கட்டுவித்தவர் ஒரு பெண்மணி என்பதைப் பலர் அறியார். மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் அம்மையார் தம் காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரும் செல்வந்தப் பெண்களுள் ஒருவராக விளங்கியவர்.

1887 இல் இலினோய் மாநிலத்தில் பிறந்த அவர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை சி.டபிள்யூ. போஸ்ட், நோயாளியாக மிச்சிகனின் பெட்டில் கிறீக் நகருக்குச் சென்று, அங்கேயே தங்கி, 1895 இல் கோப்பிக்குப் பதிலாகத் தானியத்தை வறுத்துத் தயாரித்த 'போஸ்டம்' என்ற பானத்தை விற்கத் தொடங்கினார். சிறுமி மார்ஜரி பொதிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினார். தந்தையோ மகளைத் தொழிற்சாலைக்கும் வர்த்தகக் கூட்டங்களுக்கும் அழைத்துச் சென்று தொழிலைக் கற்பித்தார். ஆண் வாரிசு இல்லையென வருந்தும் வழமை மலிந்திருந்த காலத்தில் இது சாதாரண விடயமன்று.

1914 இல் தந்தை தற்கொலை செய்துகொண்டார். 27 வயதில் கம்பனி மகளின் கைக்கு வந்தது. பணிப்பாளர் சபை ஆசனம் மட்டும் வரவில்லை. இரண்டாவது கணவரான பங்குத்தரகர் ஹட்டன் சபைத் தலைவரானார். சொத்து மனைவியுடையது, நாற்காலி கணவனுடையது!

எனினும் அம்மையாரின் வர்த்தகக் கண் கூர்மையானது. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐயின் உறைநிலை உணவு முறையை வாங்கிவிட வேண்டுமென அவர் வற்புறுத்தியபோது, கடைகளில் குளிரூட்டும் பெட்டிகளே இல்லையென ஆண்கள் தயங்கினர். ஈற்றில் 1929 இல், ஒரு முதலீட்டு வங்கியும் பங்கேற்க, அது 2 கோடியே 20 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டது. கம்பனியும் 'ஜெனரல் ஃபூட்ஸ்' எனப் பெயர் மாறியது. அவருக்கு ஆசனம் கிடைத்ததோ 1936 இல், ஹட்டனிடமிருந்து விவாகரத்துப் பெற்ற பின்னரே. 1958 வரை அதில் அமர்ந்திருந்தார்.

முதலாம் உலகப் போரின்போது பிரான்சின் சவனே நகரில் அமைந்த அமெரிக்க இராணுவ வைத்தியசாலைக்கு அவர் நிதி வழங்கினார். 1930 களின் பொருளாதார மந்தத்தின்போது தம் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, அவற்றின் காப்புறுதிக் கட்டணத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு நியூயோர்க்கில் ஏழைகளுக்கு உணவளித்தார்.

கலைச் சேகரிப்பு விடயத்தில் மனம் சற்றுத் தடுமாறவே செய்கிறது. மூன்றாவது கணவர் ஜோசப் டேவிஸ் சோவியத் ஒன்றியத்துக்கான தூதுவராகப் பணியாற்றிய 1937-38 காலப்பகுதியில், தேவாலயங்களிலிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் பறிமுதல் செய்யப்பட்ட திருப்பொருட்களை அந்த அரசு விற்றுக்கொண்டிருந்தது. அம்மையார் அவற்றை ஆர்வத்துடன் வாங்கினார். ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த வேளை அது. அவர் வாங்கியிராவிடின் அப்பொருட்களுள் சில உருக்கப்பட்டிருக்கலாம் என்பது ஒரு நியாயம். பறிகொடுத்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை என்பதும் உண்மையே. பின்னர் மேற்குலக வணிகர்களிடமும் வாங்கிச் சேர்த்த அவரது வொஷிங்டன் இல்லமான ஹில்வூட், 1977 இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. ரஷ்யாவுக்கு வெளியேயுள்ள மிகச்சிறந்த ரஷ்யக் கலைத் தொகுதிகளுள் அதுவும் ஒன்று.

1973 இல் காலமான அவர், மார்-ஆ-லாகோவை ஜனாதிபதிகளின் குளிர்கால இல்லமாகப் பயன்படுத்தும்படி அரசுக்கு எழுதிவைத்தார். பராமரிப்புச் செலவு அதிகமெனக் கருதிய அரசு 1981 இல் அதனைத் திருப்பிக் கொடுத்தது. 1985 இல் ட்ரம்ப் அதனை வாங்கினார்; 2017 இல் அவர் ஜனாதிபதியானார்.